வம்புக்கு இழுத்த வார்த்தையை எழுதுவது எப்படி?



மனு எழுதுவது, தீர்மானம் எழுதுவது, வங்கிக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் நமக்குப் பழகிப்போன வேலைகள். ஆனால் ஒருவர் நம்மைத் திட்டிவிட்டால் அதை எப்படி எழுதுவது? இந்த மாதப் பாடம் அதுதான். இதற்காக ஓர் ஆங்கிலச் சொல்லையும் கற்றுக்கொள்ளப் போகிறோம். சொல் சின்னது. தப்பாக எழுதினால் வரும் நஷ்டம் பெரியது.

இப்படி ஒன்று நடந்ததாக வைத்துக்கொள்வோம். சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமம். காலை ஏழரை மணி. ஒரு அக்கா மாட்டைக் கறந்துவிட்டு, பால் சொசைட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். தனியார் கடன் கம்பெனியின் வசூல்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, தெருவே கேட்கும்படி கத்துகிறார்.

"வாங்கும்போது இனிச்சுதா? கட்ட வக்கில்லன்னா தாலிய வித்துக் கட்டு. இல்லன்னா ராத்திரி எங்கயாச்சும் போயி சம்பாதிச்சுக் கட்டு."

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். காலேஜ் படிக்கிற மகளுக்கு மனசு கொதித்தது. "நான் இங்கிலீஷ்லயே எழுதித் தரேம்மா, அப்பதான் மதிப்பாங்க" என்று ஒரு புகார் எழுதினாள். அதில் இருந்தது மூன்றே வரி:

"ஹி யூஸ்டு வெரி பேட் வேர்ட்ஸ். ஹி ப்ரவோக்டு மீ. ஐ காட் கிரேவ் அண்ட் சடன் ப்ரவகேஷன்."

ஸ்டேஷனில் வாங்கிப் படித்தவர் கேட்டார்: "என்ன வார்த்தை சொன்னாரு? யார் கேட்டாங்க? ப்ரவோக் ஆகி நீங்க என்ன பண்ணுனீங்க, கைய வச்சிட்டீங்களா?" அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா சொன்னார்: "நானும் திருப்பித் திட்டியிருந்தாத்தான் கேஸு ஆவும் போலருக்கு."

சகோதரிகளே, அக்கா நினைத்தது தவறு. மகள் எழுதியதும் தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள் என்ன?

"ப்ரவோக்" என்பதைக் "கோபப்படுத்து" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே இதற்குப் பொருள், "வெளியே வா என்று கூப்பிடுவது". நம் ஊரில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: வம்புக்கு இழுப்பது. சும்மா இருக்கிறவரை ஒரு காரியத்துக்குள் இழுத்துவிடுவதுதான் ப்ரவோக். இழுக்கிறவர் ஒருவர், இழுக்கப்படுகிறவர் ஒருவர், எதற்குள் இழுத்தார் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் இருந்தால்தான் வாக்கியம் முழுசாகும்.

"ஹி ப்ரவோக்டு மீ" என்று நிறுத்தினால், "சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி தானாக வரும். ஸ்டேஷனில் வந்ததும் அதே கேள்விதான். சரியாக எழுதுவதானால் இப்படி எழுத வேண்டும்: "ஹி ட்ரைட் டு ப்ரவோக் மீ இன்டு எ ஃபைட். ஐ டிட் நாட் ரிப்ளை." அதாவது, "என்னைச் சண்டைக்கு இழுக்கப் பார்த்தார். நான் பதில் பேசவில்லை." எதற்குள் இழுத்தார் என்பதைச் சொல்லத்தான் அந்த "இன்டு".

சட்டத்தில் உள்ள தொடர்

இந்தச் சொல் சட்டத்தில் எங்கே வருகிறது? 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 504-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் இது 352-வது பிரிவு. அதன் ஆங்கிலத் தலைப்பில் "இன்டென்ட் டு ப்ரவோக் ப்ரீச் ஆஃப் பீஸ்" என்று ஒரு தொடர் இருக்கிறது. "அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது" என்பது அதன் கருத்து. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் "ப்ரீச்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கொள்ளிடக் கரையிலோ வீராணம் ஏரிக்கரையிலோ உடைப்பு எடுத்தால், நீர்வளத் துறைக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதும் "ப்ரீச்" என்றுதான். ஊர் அமைதி ஒரு கரை மாதிரி. ஒருவர் வேண்டுமென்றே அவமதித்து, அந்தக் கரை உடையும் அளவுக்கு அடுத்தவரைத் தூண்டினால் அது குற்றம்.

கரை உடைந்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. இதுதான் அந்த அக்காவுக்குத் தெரியாமல் போன விஷயம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாதாரணமாக ஒரு மனிதரைச் சண்டைக்குத் தள்ளக்கூடிய அவமதிப்பாக அது இருந்தால் போதும். அவமதிக்கப்பட்டவர் தன்னை அடக்கிக்கொண்டார், அல்லது பயந்துபோய்ப் பேசாமல் இருந்தார் என்பதற்காகக் குற்றம் இல்லாமல் போய்விடாது.

ஆகவே நீங்கள் வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்தியது உங்கள் வழக்கைக் கெடுக்காது. "பதில் பேசாமல் உள்ளே போய்விட்டேன்" என்று தைரியமாக எழுதுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் செய்யும் மூன்று தவறுகள்

தவறு 1: வார்த்தையை மறைப்பது

"கேவலமாகத் திட்டினார்", "காதில் கேட்க முடியாத வார்த்தை சொன்னார்", "வெரி பேட் வேர்ட்ஸ்." நம் மனுக்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அந்த வார்த்தையை நம் கையால் எழுதக் கூச்சம். அது நியாயமான கூச்சம்தான். ஆனால் அந்தக் கூச்சம் திட்டியவரைத்தான் காப்பாற்றுகிறது.

அதே 2023 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன இன்னொன்றின் சாரம் இது: திட்டு வார்த்தைதான் அவமதிப்பு என்றால், அது என்ன வார்த்தை என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அது வேண்டுமென்றே செய்த அவமதிப்பா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? மகாராஷ்டிராவிலிருந்து வந்த ஒரு வழக்கின் 2013 தீர்ப்பில், வார்த்தைக்கு வார்த்தை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, புகாரை முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் நாம் எதற்குச் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டும்? நினைவில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. வார்த்தை மாறினால் சட்டப் பிரிவே மாறிவிடும்.

"கட்ட வக்கில்ல" என்பது அவமதிப்பு. "கையக் கால ஒடச்சிடுவேன்" என்றால் அது மிரட்டல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு. "ராத்திரி எங்கயாச்சும் போயி சம்பாதி" என்பது பெண்ணின் மானத்தைக் குறிவைத்த சொல். அதற்கு 79-வது பிரிவு இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். சாதிப் பெயரைச் சொல்லித் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி சமூகத்துப் பெண்ணை இழிவுபடுத்தினால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும்.

352-வது பிரிவு மட்டும் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாது. 79-வது பிரிவுக்கு அந்தத் தடை இல்லை; போலீசே வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். இப்போது பாருங்கள். "வெரி பேட் வேர்ட்ஸ்" என்று மகள் எழுதியதில், இருந்ததிலேயே பலமான வார்த்தை மறைந்துபோய்விட்டது.

எழுதக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி உண்டு. 79-வது பிரிவு போன்ற குற்றங்களில், பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் போலீஸ் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

தவறு 2: இடத்தையும் கேட்டவரையும் விட்டுவிடுவது

எங்கே நின்று சொன்னார், யார் கேட்டார்கள் என்பதும் வார்த்தை அளவுக்கு முக்கியம். இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கே உதாரணம். திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், ஊழியர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாக வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவுக்கு, சம்பவம் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். ஆனால் புகாரின்படி, சம்பவம் நடந்தது அறையின் நான்கு சுவருக்குள். உடன் வேலை செய்பவர்கள் வந்தது அதற்குப் பிறகு. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

நம் அக்காவுக்கு நடந்தது தெருவில். எதிர் வீட்டுக்காரர் கேட்டார், பால் சொசைட்டிக்குப் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இவ்வளவு இருந்தும் புகாரில் ஒன்றும் இல்லை. நடந்தது எங்கேயோ அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குள் நடந்ததை வாசலில் நடந்ததாக மாற்றி எழுதாதீர்கள். ஒரு பொய் தெரிந்தால் ஒன்பது உண்மையும் அடிபடும்.

தவறு 3: எதிராளியின் வாதத்தை நாமே எழுதுவது

"கிரேவ் அண்ட் சடன் ப்ரவகேஷன்" என்று மகள் எழுதினாளே, அது எங்கே வரும் தெரியுமா? கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் வாதத்தில். "கடுமையாகவும் திடீரென்றும் என்னைத் தூண்டிவிட்டார்கள், நிதானம் இழந்துவிட்டேன், ஆகவே இதைக் கொலைக் குற்றமாக எடுக்காதீர்கள்" என்று கேட்பதற்கான தொடர் அது.

1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் இந்தத் தொடர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கடற்படை அதிகாரியான அவர், தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். திடீர்க் கோபம் என்ற வாதத்தை 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விஷயம் தெரிந்ததற்கும் சுட்டதற்கும் நடுவில் சுமார் மூன்று மணி நேரம் இருந்தது, நிதானத்துக்கு வர அது போதும் என்றது.

அடிபட்ட நாம், அடித்தவர் சொல்ல வேண்டியதை நம் புகாரில் எழுதலாமா? சினிமாவில் கேட்டது, செய்தித்தாளில் படித்தது என்று பெரிய ஆங்கிலத் தொடர்களைத் தூக்கிப் போட வேண்டாம். எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது போலீஸ், நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை. நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் நம் வேலை. அதைத் தமிழில் எழுதினால் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாத் திட்டும் குற்றமா?

இல்லை, சகோதரிகளே. இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். செகந்திராபாத்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் மேலதிகாரி ஒருவர் ஊழியரை உரக்கக் கண்டித்தார் என்று போடப்பட்ட வழக்கை, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மரியாதை இல்லாமல் பேசுவது, கடுகடுப்பாகப் பேசுவது மட்டுமே 504-வது பிரிவின்படி குற்றமாகாது என்றது. "ஏன் லேட்டு?" என்று வங்கி ஊழியர் முகத்தைச் சுளித்தால், மேலாளரிடம் புகார் சொல்லலாம். போலீசுக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் கடன் வசூலுக்குத் தனி விதிகளே இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் சிறுகடன் விதிகளின்படி, வசூல் செய்பவர் மிரட்டும் சொல்லோ இழிவான சொல்லோ பேசக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டுத் தொல்லை தரக் கூடாது. கடன் வசூலில் மிரட்டலையும் கெடுபிடியையும் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்தது. ஆகவே புகாரில் நேரத்தை எழுத மறக்காதீர்கள். ஏழரை மணி என்ற அந்த ஒரு விவரமும் பேசும்.

இப்போது சரியாக எழுதுவோம்

அதே சம்பவம், மறுபடி:

"12-ம் தேதி திங்கட்கிழமை காலை 7.30 மணிக்கு, எங்கள் தெருவில் என் வீட்டு வாசலில், நான் கடன் வாங்கிய கம்பெனியின் வசூல்காரர் வந்தார். தெருவில் நின்றுகொண்டு, 'கட்ட வக்கில்லன்னா தாலிய வித்துக் கட்டு. இல்லன்னா ராத்திரி எங்கயாச்சும் போயி சம்பாதிச்சுக் கட்டு' என்று உரக்கச் சொன்னார். எதிர் வீட்டில் இருப்பவரும், பால் ஊற்றப் போன இரண்டு பெண்களும் இதைக் கேட்டார்கள். அவர்கள் பெயர் கீழே உள்ளது. நான் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டேன். எனக்கு ஒரு தவணை பாக்கி இருப்பது உண்மை. அதற்காக என்னை இப்படிப் பேச அவருக்கு உரிமை இல்லை. விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் "ப்ரவோக்" இல்லை. "கோபம்" என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்குக் கோபம் வருகிறதா இல்லையா? அதுதான் சரியான எழுத்து. நம் கோபத்தை எழுத வேண்டாம். கோபமூட்டிய வார்த்தையை எழுதினால் போதும். தவணை பாக்கியை மறைக்காததையும் பாருங்கள். எதிராளி அதைத்தான் முதலில் சொல்வார். நாமே சொல்லிவிட்டால் அவர் வாய் அடைந்துவிடும்.

எங்கே கொடுப்பது?

• காவல் நிலையத்தில், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில். மனுவின் நகலை வைத்துக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

• போலீசே வழக்குப் பதிய வேண்டிய குற்றமாக இருந்தும் மறுத்தால், கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

• பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 1987-ம் ஆண்டு சட்டம் தந்த உரிமை இது. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. தொலைபேசி 15100. பெண்கள் உதவி எண் 181.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம்

உள்கடன் கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு நாம் பத்துப் பேராகப் போகிறோமே, அங்கே என்ன பேசுகிறோம்? "குழு மானத்த வாங்கிட்டியே, சோறுதான் திங்கிறியா?" என்று தெருவில் நின்று கேட்டால், அந்த வசூல்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். குழு என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஊக்குநரும் பிரதிநிதிகளும் இரண்டு பேர் போங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொன்ன காரணத்தையும், கட்டுவதாகச் சொன்ன தேதியையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூட்டத்தில் சண்டை வந்தாலும் "இவர் கோபமாக நடந்துகொண்டார்" என்று எழுதாமல், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நாளைக்குப் படிக்கிறவருக்கு அதுதான் உதவும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. கடைசியாக உங்களை யாராவது தெருவில் அவமதித்தது எப்போது? தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, கேட்டவர்கள், நீங்கள் செய்தது என்ற ஆறையும் ஆறு வரியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத உறுப்பினர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம்.

2. எழுதியதில் "கேவலமாக", "அசிங்கமாக", "கெட்ட வார்த்தை" என்று எத்தனை இடத்தில் வருகிறது? அவற்றை அடித்துவிட்டு, உண்மையில் சொன்ன வார்த்தையை எழுதுங்கள்.

3. "என்னை வம்புக்கு இழுத்தார்" என்று யாராவது சொன்னால், குழுவில் ஒருவர் உடனே கேட்க வேண்டும்: "என்ன சொல்லி இழுத்தாரு?" இதைப் பழக்கமாக்குங்கள்.

அந்த அக்கா இந்தப் பாடத்தைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா, நீங்க திருப்பித் திட்டாதது தப்பில்ல. பேப்பரை எடுங்க. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. வெட்கப்பட வேண்டியது சொன்னவன்தான், எழுதுற நீங்க இல்ல.